2011 கணக்கெடுப்பிலிருந்து ஓர் ஊடாடும் வரைபடம்: தரவுக் கோப்பு முதல் வெளியீடு வரை முழுமையான வழிகாட்டி

வரைபடம் உருவாக்கித் தரும் இணையத் தளங்களில் கோப்பை ஏற்றி, நிறத்தைத் தேர்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் சில நிமிடங்களில் மாவட்டங்கள் வண்ணமேறி நிற்கின்றன. பிழையான தரவும் அதே வேகத்தில், அதே அழகோடு வரைபடமாகிவிடும். எந்தத் தளமும் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, தளத்தைத் திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மாவட்டவாரி எழுத்தறிவு விகிதத்தைக் காட்டும் ஊடாடும் வரைபடம் ஒன்றை உருவாக்குவோம். தளமாக டேட்டாராப்பரை எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளரிஷ், டேப்லோ பப்ளிக் ஆகியவற்றில் பொத்தான்களின் பெயரும் இடமும் மாறுமே தவிர, வேலையின் வரிசை மாறாது.

படி 1: தரவைப் பெற்றுச் சுத்தம் செய்தல்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இணையதளத்தில் முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்க அட்டவணை கிடைக்கும். அதில் மாநிலம், மாவட்டம், வட்டம் என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு நிலைக்குள்ளும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என மூன்று வரிசைகள் வரும். நமக்கு வேண்டியவை மாவட்ட நிலையில் ‘மொத்தம்’ என்று குறிக்கப்பட்ட வரிசைகள் மட்டுமே. எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ வடிகட்டியபின் 32 வரிசைகள் எஞ்ச வேண்டும். 33 வந்தால் மாநில மொத்தமும் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். 96 வந்தால் ஊரகமும் நகர்ப்புறமும் நீக்கப்படவில்லை. வரிசைகளை எண்ணிப் பார்ப்பது அற்பமான வேலையாகத் தோன்றினாலும், இதைவிட மலிவான சோதனை வேறில்லை.

அடுத்தது கணக்கு. இந்த அட்டவணையில் எழுத்தறிவு விகிதம் நேரடியாகத் தரப்பட்டிருக்காது. எழுத்தறிவு பெற்றோரின் எண்ணிக்கையே இருக்கும். அதை மொத்த மக்கள்தொகையால் வகுப்பதுதான் பலரும் முதலில் செய்வது. தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7,21,47,030, எழுத்தறிவு பெற்றோர் 5,18,37,507, வகுத்தால் 71.85 விழுக்காடு கிடைக்கும். ஆனால் கணக்கெடுப்பு வெளியிட்ட விகிதம் 80.09. கணக்கெடுப்பின் வரையறையில் எழுத்தறிவு என்பது 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், 0 முதல் 6 வயது வரையுள்ள 74,23,832 குழந்தைகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டே வகுக்க வேண்டும். கழித்தபின் எஞ்சும் 6,47,23,198ஆல் வகுத்தால் 80.09 சரியாக வந்து நிற்கும். மாவட்டங்களுக்கும் இதே வாய்ப்பாட்டைப் பயன்படுத்துங்கள். தருமபுரிக்கு 68.54, கன்னியாகுமரிக்கு 91.75 என்று வந்தால் கணக்குச் சரி. முன்னது மாநிலத்திலேயே குறைந்தது, பின்னது உயர்ந்தது.

கோப்பின் வடிவத்திலும் சில கவனங்கள் தேவை. 46,46,732 என்று காற்புள்ளியோடு இருக்கும் எண்ணைத் தளம் சொல்லாக எடுத்துக்கொள்ளக்கூடும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு, காட்டும்போது மட்டும் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். தரவு இல்லாத கட்டத்தில் சுழியம் இடாதீர்கள், வெறுமையாக விடுங்கள். சுழியம் இட்டால் அந்த மாவட்டம் ‘தரவு இல்லை’ என்னும் சாம்பல் நிறத்துக்குப் பதிலாக ‘மிகக் குறைவு’ என்னும் நிறத்தைப் பெற்றுவிடும். மாவட்டப் பெயர்களைத் தமிழில் ஒரு தனி நெடுவரிசையாகச் சேர்த்து, கோப்பை யுடிஎஃப்-8 சிஎஸ்வியாக (தமிழ் எழுத்துகளைக் காக்கும் குறிமுறையில், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய அட்டவணைக் கோப்பாக) சேமியுங்கள். எக்செல்லில் வெறும் சிஎஸ்வியைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

படி 2: எல்லைக் கோப்பைத் தேர்தல்

மாவட்டங்களின் வடிவங்களைத் தாங்கி நிற்கும் கோப்பே எல்லைக் கோப்பு. இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், வேலூரிலிருந்து திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 38 மாவட்ட எல்லைக் கோப்பில் 2011 தரவை ஏற்றினால் ஆறு மாவட்டங்கள் சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் யாராவது திருத்திவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழை வேறு: பழைய வேலூரின் எண், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்ட இன்றைய வேலூரின் மீது பூசப்பட்டு, ‘வேலூர்’ என்ற பெயரோடு எந்தக் குறையும் இல்லாததுபோல் நிற்கும். பார்ப்பவர் அது இன்றைய வேலூரின் விகிதம் என்றே நம்புவார்.

தரவு எந்த ஆண்டு எல்லைகளின்படி திரட்டப்பட்டதோ அந்த எல்லைகளிலேயே வரைய வேண்டும். திரட்டிய ஆண்டை மட்டும் பார்ப்பதும் போதாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் நடந்தது என்றாலும், அதன் மாவட்டப் பிரிவு 2017 மார்ச் இறுதியில் இருந்த நிலைப்படி அமைந்தது. ஆகவே அந்த ஆய்விலும் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்களே உண்டு.

புதிய 38 மாவட்டக் கோப்பு மட்டும் கையில் இருந்தால், பிரிந்தவற்றைத் தாய் மாவட்டத்தோடு மீண்டும் இணைத்து 32 ஆக்கலாமே என்று தோன்றும். வேலூர், திருநெல்வேலி, விழுப்புரம் ஆகியவற்றுக்கு இது ஏறக்குறைய பொருந்தும். சென்னைக்குப் பொருந்தாது. 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் வட்டங்களும், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்களும் சென்னையோடு சேர்க்கப்பட்டு, சுமார் 175 சதுர கிலோமீட்டராக இருந்த மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிய மாவட்டங்களை எவ்வளவு இணைத்தாலும் பழைய சென்னை கிடைக்காது. ஆகவே 2011 எல்லைகளின் கோப்பையே தேடிப் பெறுவது நல்லது. டேட்டாமீட் என்னும் தன்னார்வக் குழு 2011 கணக்கெடுப்பின் 640 மாவட்டங்களுக்குமான ஷேப்ஃபைலை (எல்லைக் கோப்பின் ஒரு வகை), கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. தளத்தின் பட்டியலில் ஆயத்தமாக இருக்கும் வரைபடத்தை எடுப்பதானாலும், மாவட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டே எடுங்கள்.

நாடு முழுவதையும் காட்டும் வரைபடமானால் வேறொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது, 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. வெளிநாட்டுத் தளங்கள் தரும் ஆயத்த வரைபடங்களில் ஜம்மு-காஷ்மீர் எல்லை வேறுவிதமாக வரையப்பட்டிருப்பது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: எல்லைக் கோப்பை இலகுவாக்குதல்

ஷேப்ஃபைல் என்பது பெயருக்கு ஒரு கோப்பு. உண்மையில் அது வடிவம், அட்டவணை, சுட்டு, ஆயமுறை ஆகியவற்றைத் தனித்தனியே தாங்கும் பல கோப்புகளின் தொகுதி. அனைத்தையும் ஒன்றாகவே ஏற்ற வேண்டும். அட்டவணைக் கோப்பை விட்டுவிட்டால் வடிவங்கள் வரும், மாவட்டப் பெயர்கள் வரா.

இந்த வேலைக்கு மேப்ஷேப்பர் என்னும் இலவசக் கருவி போதும். அது உலாவிக்குள்ளேயே இயங்குகிறது. கோப்புகளை அதில் இழுத்துவிட்டு, கட்டளை எழுதும் பெட்டியான கன்சோலில் மாநிலக் குறியீடு 33 என்று வடிகட்டினால் தமிழ்நாடு மட்டும் எஞ்சும். பிறகு ‘சிம்ப்ளிஃபை’ பொத்தானை அழுத்துங்கள். எல்லைக் கோட்டிலுள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளில் கண்ணுக்குப் புலப்படாதவற்றை நீக்குவதே இதன் பணி. டேட்டாராப்பர் 2 எம்பிக்கு மேற்பட்ட எல்லைக் கோப்பை ஏற்பதில்லை. கைப்பேசியில் பார்ப்பவரின் நலன் கருதினால் அதிலும் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது. மாவட்டங்களுக்குப் பொதுவான எல்லைகளை மேப்ஷேப்பர் ஒரே கோடாகக் கருதுவதால், எளிதாக்கியபின் இரண்டு மாவட்டங்களுக்கு இடையே விரிசல் விழாது.

சிறிய வடிவங்கள் அழியாமல் காக்கும் தேர்வை மறக்காமல் சொடுக்குங்கள். பழைய நாகப்பட்டினம் மாவட்டம், நடுவில் புதுச்சேரியின் காரைக்கால் அமைந்திருப்பதால், வடக்கும் தெற்குமாக இரு துண்டுகளாகக் கிடக்கும். அவ்விடத்தில் தெரியும் இடைவெளி கோப்பின் பழுதல்ல. ஆனால் வாசகர் அப்படி எண்ணக்கூடும் என்பதால், வரைபடத்தின் அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுவது நன்று.

முடித்தபின், இணைய வரைபடத் தளங்கள் ஏற்கும் எல்லைக் கோப்பு வகையான ஜியோஜேசனாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜியோஜேசனில் ஆயங்கள் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பின்னுமாக வரும். சென்னை என்றால் 80.27, 13.08. நாம் பேச்சில் சொல்லும் வரிசை இதற்கு நேர்மாறானது என்பதால், கையால் புள்ளிகளைச் சேர்ப்பவர்கள் மாற்றி எழுதிவிடுவதுண்டு. அப்போது சென்னை, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். ஏற்றிய கோப்பு மாவட்டங்களாகத் தெரியாமல் சட்டகம் முழுவதும் ஒரே நிறமாகப் பரவினால், பலகோணங்களின் சுழற்சித் திசை (எல்லைப் புள்ளிகள் வலமாகவா இடமாகவா அடுக்கப்பட்டுள்ளன என்பது) தலைகீழாக இருப்பதே பெரும்பாலும் காரணம். மேப்ஷேப்பரில் மீண்டும் ஏற்றுமதி செய்யும்போது திசையை மாற்றிக்கொள்ளலாம்.

படி 4: தரவையும் எல்லையையும் பொருத்துதல்

டேட்டாராப்பரில் புதிய வரைபடம் என்பதைத் திறந்தால் மூன்று வகைகள் தெரியும்: பகுதிகளுக்கு நிறமிடும் கோரோப்ளெத், புள்ளிகளில் வட்டமிடும் சிம்பல் மேப், ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும் லொகேட்டர் மேப். விகிதத்துக்கு ஏற்றது கோரோப்ளெத். உங்கள் ஜியோஜேசனை ஏற்றியதும், எந்தப் புலத்தை (கோப்பின் நெடுவரிசையை) வைத்து மாவட்டங்களை அடையாளம் காண்பது என்று தளம் கேட்கும். பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கணக்கெடுப்புக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

காரணம் எளியது. நம் ஊர்ப்பெயர்களுக்கு ஆங்கில எழுத்தில் நிலையான வடிவமே கிடையாது. விழுப்புரத்துக்கு எங்கே இரட்டை எழுத்து, தூத்துக்குடிக்கு எத்தனை ‘கே’, திருவள்ளூரில் ‘எச்’ உண்டா இல்லையா என்பதில் ஒரே அரசின் இரு துறைகளே ஒத்துப்போவதில்லை. பெயரை வைத்துப் பொருத்தினால் ஐந்தாறு மாவட்டங்கள் நிச்சயமாக விடுபடும். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூருக்கு 602, சென்னைக்கு 603 என்று தொடங்கித் திருப்பூருக்கு 633 என்று முடியும் குறியீடுகள் எந்த எழுத்துக்கூட்டலுக்கும் கட்டுப்படாதவை. தரவுக் கோப்பிலும் இதே குறியீட்டு நெடுவரிசை இருப்பதால் பொருத்தம் ஒரே முயற்சியில் முடிந்துவிடும். பொருந்தாத வரிசை ஏதேனும் இருந்தால் தளம் சுட்டிக்காட்டும். அந்தச் செய்தியை அலட்சியமாக மூடிவிடாமல், ஒவ்வொன்றையும் தீர்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: நிறமும் வகுப்பும்

எழுத்தறிவு விகிதம் ஒரே திசையில் ஏறும் அளவு என்பதால் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் செல்லும் ஒற்றை நிறவரிசை போதும். நடுவில் ஒரு பொருளுள்ள புள்ளி இருக்கும்போது மட்டுமே இருமுனை நிறவரிசை பொருந்தும். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்னும் பாலின விகிதம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தருமபுரியின் 946 ஒரு பக்கமும் நீலகிரியின் 1,042 மறுபக்கமுமாக, 1,000இல் நிறம் பிரிய வேண்டும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதைத் தவிருங்கள். நிறக்குறைபாடு உள்ள வாசகருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

வகுப்புகளை, அதாவது ஒரே நிறம் பெறும் எண் வரம்புகளை, எங்கே வெட்டுவது என்பதில்தான் வரைபடத்தின் பேச்சு மாறுகிறது. தளம் தானாகத் தரும் முறைகளில் ஒன்று, எல்லா வகுப்பிலும் சம எண்ணிக்கையில் மாவட்டங்களை வைப்பது. 32 மாவட்டங்களை நான்காகப் பிரித்தால் வகுப்புக்கு எட்டு. பார்க்கச் சீராக இருக்கும். ஆனால் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்குமான வெட்டு, 83.45 விழுக்காடுள்ள மதுரைக்கும் 83.59 விழுக்காடுள்ள நாகப்பட்டினத்துக்கும் நடுவே விழும். நூற்றில் ஒன்றுகூட வேறுபடாத இரண்டு மாவட்டங்கள் வெவ்வேறு நிறம் பெறும், நாகப்பட்டினமும் 91.75 உள்ள கன்னியாகுமரியும் ஒரே நிறம் பெறும்.

அதற்குப் பதிலாக 75, 80, 85 என்று கையால் வெட்டிப் பாருங்கள். முதல் வகுப்பில் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரியலூர், விழுப்புரம், ஈரோடு, சேலம், திருவண்ணாமலை, பெரம்பலூர், நாமக்கல் என ஒன்பது மாவட்டங்கள் வரும். இவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கவில்லை. மேற்கே ஈரோட்டிலிருந்து கிழக்கே விழுப்புரம் வரை, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இடைவெளியில்லாத ஒரே பட்டையாக நிற்கின்றன. அட்டவணையில் கண்ணுக்குப் படாத செய்தி இது. சம எண்ணிக்கை முறையில் 74.63 உள்ள நாமக்கல் அடுத்த வகுப்புக்குத் தள்ளப்பட்டு இந்தப் பட்டையிலிருந்து விடுபட்டுவிடும். மேலும், மாநில சராசரியான 80.09 ஏறக்குறைய நடு வெட்டின் மீதே அமைவதால், ஒரு மாவட்டம் சராசரிக்கு மேலா கீழா என்பதையும் வாசகர் நிறத்திலிருந்தே அறியலாம். முழு எண்களில் வெட்டுவதை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், எந்த நிறம் எந்த வரம்பு என்று சொல்லும் விளக்கப்பட்டையைப் படிப்பவருக்கு 74.47 முதல் 79.51 வரை என்பது நினைவில் நிற்காது.

மக்கள் அடர்த்தியைப் போன்ற தரவில் சிக்கல் வேறு. 2011இல் சென்னையின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,000ஐத் தாண்டியது. அடுத்த நிலையிலுள்ள கன்னியாகுமரிக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். வகுப்பில்லாத தொடர் நிறவரிசையைப் பயன்படுத்தினால் சென்னை மட்டும் அடர்ந்து நிற்க, மற்ற 31 மாவட்டங்களும் ஒரே வெளிர் நிறமாகிவிடும். அத்தகைய இடத்தில் கையால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 6: எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமானால்

நிறமிடும் வரைபடத்தில் விகிதங்களை மட்டுமே காட்டுங்கள். எழுத்தறிவு பெற்றோரின் எண்ணிக்கையை நிறமாக்கினால், பரப்பும் மக்களும் அதிகமுள்ள மாவட்டங்கள் கல்வியில் முன்னேறியவைபோல் தோன்றும். எண்ணிக்கையே செய்தி என்றால் சிம்பல் மேப்புக்கு மாறி, மாவட்டத்துக்கு ஒரு வட்டம் இடுங்கள். வட்டத்தின் பரப்பு எண்ணுக்கு ஏற்ப வளர வேண்டுமே தவிர ஆரம் அல்ல. 46,46,732 பேர் உள்ள சென்னை, 5,65,223 பேர் உள்ள பெரம்பலூரைப்போல் எட்டு மடங்குக்குச் சற்று மேல். ஆகவே ஆரம் மூன்று மடங்கை எட்டாமல் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். ஆரத்தையே எட்டு மடங்காக்கினால் பரப்பு அறுபது மடங்கைத் தாண்டிவிடும். டேட்டாராப்பர் இதைத் தானே சரியாகச் செய்துவிடுகிறது. நிரல் எழுதிச் சொந்தமாக வரைபவர்கள்தாம் கவனிக்க வேண்டும்.

படி 7: ஊடாட்டம்

சுட்டியை வைத்தால் தோன்றும் டூல்டிப்பில் என்ன எழுதுவது? தலைப்பாக மாவட்டத்தின் தமிழ்ப் பெயரையும், கீழே விகிதத்தை ஒரு தசமத்தோடும், அடுத்து ஆண், பெண் விகிதங்களைத் தனித்தனியாகவும் வையுங்கள். நிறம் சொல்லாததைச் சொல்வதே டூல்டிப்பின் வேலை. நிறத்திலேயே தெரிவதைத் திரும்பச் சொல்வதற்காக யாரும் சுட்டியை நகர்த்த மாட்டார்கள். டூல்டிப் பெட்டியில் நெடுவரிசையின் பெயரைச் சொடுக்கினால் இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் அது தானாக வந்து அமரும். எந்த ஆண்டின் எல்லை என்பதையும் அங்கேயே ஒரு சிறு வரியாகச் சேர்த்தால், தென்காசியைத் தேடி வருபவர் திருநெல்வேலிக்குள் அதைப் புரிந்துகொள்வார்.

கைப்பேசியில் சுட்டி கிடையாது, விரல்தான் உண்டு. 175 சதுர கிலோமீட்டர் சென்னை, கைப்பேசித் திரையில் சுமார் பத்து பிக்சல் அகலமே பெறும். அதை விரலால் துல்லியமாகத் தொட முடியாது. உருப்பெருக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். அதோடு, தேடும் வசதியுள்ள ஓர் அட்டவணையையும் வரைபடத்துக்குக் கீழே தனியாகப் பதியுங்கள். தம் மாவட்டத்தை மட்டும் பார்க்க வருபவர்களே வாசகர்களில் அதிகம். அவர்களுக்கு அட்டவணையே விரைவான வழி.

படி 8: வெளியிடுதல்

தலைப்பில் கண்டறிந்ததைச் சொல்லுங்கள்: ‘தமிழ்நாட்டு எழுத்தறிவு வரைபடம்’ என்பதைவிட ‘ஈரோடு முதல் விழுப்புரம் வரை ஒன்பது மாவட்டங்களில் எழுத்தறிவு 75 விழுக்காட்டை எட்டவில்லை’ என்பது வாசகருக்குப் பயன்படும். துணைத்தலைப்பில் ஆண்டு, வயது வரம்பு, அலகு மூன்றும் இருக்கட்டும். தரவின் மூலத்தையும் எல்லைக் கோப்பின் மூலத்தையும் தனித்தனியே குறியுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கான விளக்கத்தை நிரப்ப ஒரு பெட்டி இருக்கிறது; அதில் வரைபடத்தின் முடிவை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள்.

வெளியிட்டதும் கிடைக்கும் உட்பொதி நிரலில், திரையின் அகலத்துக்கேற்ப உயரம் மாறும் வகையைத் தேர்ந்து உங்கள் பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு தரவிலோ நிறத்திலோ திருத்தம் செய்தால், மீண்டும் வெளியிடும் பொத்தானை அழுத்தும் வரை வாசகருக்குப் பழைய வடிவமே தெரியும்; அழுத்தியபின் அதே நிரல் புதியதைக் காட்டும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் மாவட்டத் தரவு வரும்போது இந்த வரைபடத்தின் அட்டவணையை மட்டும் மாற்றாதீர்கள். புதிய எல்லைக் கோப்போடு தனி வரைபடமாகத் தொடங்கி, இரண்டையும் அருகருகே வையுங்கள்.